திரையில் முன்வண்டி

சியோல் நகரப் பேருந்து ஓட்டும் மான்சோக்கின் முன்னே, முன்வண்டியும் பின்வண்டியும் எங்கே என்று காட்டும் திரையில், அதே தடத்தில் குவாங்தே அண்ணன் ஓட்டிப் போகும் வண்டி நகரவே இல்லை.

“குவாங்தே அண்ணன் மறுபடி எவனோ ஓடி வர்றான்னு கதவைத் திறந்து வெச்சிருக்காரு. அவரு நின்னா, இடைவெளி விட நானும் ஊரணும். டிப்போவுல நூடுல்ஸ் திங்கக்கூட நேரமிருக்காது!” என்று கறுவினான்.

பாலம் இறங்கியதும் பார்த்தான். அண்ணனின் வண்டி, நிறுத்தத்தில் ஓரமாக, ஒழுங்காக நின்றது. பயணிகள் இறங்கி நின்ற நடைபாதையில், ஆம்புலன்ஸ்காரர்கள் அண்ணனின் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. “மான்சோக், அந்த ஆளுங்களை ஏத்திக்கிட்டுக் கிளம்புப்பா. பின்வண்டி நெருங்குது.”

“அண்ணன் கிடக்குறாருங்க…”

“தெரியும்ப்பா. கிளம்பு.”

ஏற்றிக்கொண்டு கிளம்பினான். திரை ஒருமுறை மின்னியது. அண்ணனின் வண்டி அழிந்து, அதற்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டி முன்வண்டியாகிவிட்டது.