சிட்டுவின் மூக்கில் இருந்த புள்ளி

விஜயபாண்டிக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். தன் நாய் சிட்டுவுக்கு நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் செட்டியார்பட்டி பொன்னுராஜ் தன் கடுவன் நாயோடு இணை சேர்க்க விடுவார். சிட்டுவின் பருவம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளினிக் வைத்திருக்கும் வெங்கடேஸ்வரி, மேசைமேல் நின்ற நாயைத் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். மூன்று வாரத்துக்கு முன் இதற்கு உண்ணிக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தவள் அவள்தான். மாத்திரை தீர்ந்தும் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. கண்ணைச் சுற்றி முடி உதிர்ந்து தோல் செதில் விட்டிருந்தது. தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. நகங்கள் நீண்டு வளைந்திருந்தன.

"நகமே வெட்டுறதில்லையா அண்ணாச்சி?"

"போன மாசந்தான் வெட்டுனேன். அதை விடுங்க, மூக்கைப் பாருங்க." செல்போனை நீட்டினார். பழைய படத்தில் சிட்டுவின் ரோஜா நிற மூக்கில் மிளகு அளவு கரும்புள்ளி ஒன்று இருந்தது. "இந்தப் புள்ளியாலதான் யாரும் இவளைச் சேர்த்துக்கல. ஒரு வருசத்துல தானா போயிருச்சு. இப்ப சுத்த ராஜபாளையம்."

பிறந்ததிலிருந்து இருந்த புள்ளி ஏன் போக வேண்டும்? வெங்கடேஸ்வரி லென்ஸை எடுத்தாள். நாயின் மூக்குத் தோலில் ஓடு பதித்ததுபோல் நுண்ணிய கட்டங்கள் இருக்கும். சிட்டுவுக்கு அவை தேய்ந்து மூக்கு வழவழப்பாக இருந்தது. கறுப்பு மூக்கு நாயாக இருந்தால் வெளுத்தது அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். இந்த ஜாதிக்கு மூக்கு வெளுப்புதான் என்று அவளும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

"இவளை வெளியூருக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"மிலிட்டரியில இருந்து வந்த பொறவு ரெண்டு வருசம் மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்ல காவலுக்கு இருந்தேன். இவளும் கூடத்தான்."

தாடை நெறியில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றினாள். அரை மணி நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"வந்து பாருங்க. பெரிய செல்லுக்குள்ள சின்னச் சின்னதா முட்டை மாதிரி தெரியுதா? ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரிய புள்ளி, பக்கத்துல குச்சி மாதிரி ஒரு சின்னப் புள்ளி."

"தெரியுது. அம்புட்டும் இவளுக்குள்ளயா?"

"ஆமா. லீஷ்மேனியான்னு ஒரு கிருமி. எஸ்டேட்டுல ஒட்டியிருக்கும்; மூக்குப் புள்ளி போனதும் நகம் இப்படி வளர்றதும் இதாலதான். கிருமியைத் தின்னு அழிக்க வேண்டிய செல்லுக்குள்ளயே குடியிருக்கும். காலேஜ் லேப்புக்கும் ரத்தம் அனுப்புறேன், ஆனா எனக்குச் சந்தேகம் இல்லை."

"வீட்டுல பேத்தி இவ மேல படுத்துத்தான் டிவி பாக்கா."

"தொட்டா, நக்குனா ஒட்டாது. மணல் ஈன்னு ஒண்ணு, கொசுவுல மூணுல ஒரு பங்கு, சத்தம் போடாது. அது இவளைக் கடிச்சா கிருமி அந்த ஈ வயித்துல வாலு முளைச்சுப் பெருகும். ஒரு வாரம் கழிச்சு அது யாரைக் கடிக்குதோ அவங்களுக்குப் போகும். அதனால ஈ அண்டாத மருந்துப் பட்டை கழுத்துல கட்டணும், பொழுது சாய முன்ன வீட்டுக்குள்ள விட்டுரணும். மாத்திரையில அடக்கி வைக்கலாம். முழுசாப் போகும்னு சொல்ல முடியாது."

"குட்டி?"

"கர்ப்பத்துலயே குட்டிக்குப் போகும். கடுவனுக்கும் ஒட்டலாம்."

விஜயபாண்டி நாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"பொன்னுராஜு, நாளைக்கு வரல. இல்லப்பா, நாய்க்குத்தான் சொகமில்ல... ஒன் கடுவனுக்கு வேற இடம் பாத்துக்கோ." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா, புள்ளி போச்சு. அதான் நோயாம்."

போனை வைத்துவிட்டு, கடிதத்துக்காக எடுத்து வைத்திருந்த தாளை டாக்டர் பக்கம் தள்ளினார்.

"இதுல மாத்திரையை எழுதுங்க. குட்டி போடாம இருக்க ஆப்ரேசன் என்னைக்குப் பண்ணலாம்னும் எழுதிருங்க."

"மொதல்ல ஒடம்பு தேறட்டும் அண்ணாச்சி," என்று அவள் எழுதத் தொடங்கினாள்.