வீட்டுக்கு ஓர் அடி

புதுப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தில் எதையும் ஒருத்தன் தனியாகச் செய்யமாட்டான். மீனைப் பங்கு போடுவதுபோல் பழியையும் பங்கு போட்டுக்கொள்வோம். திருடன் சிக்கினால் வீட்டுக்கு ஓர் அடி. யார் அடியில் கை ஒடிந்தது என்று போலீஸ் கேட்டால் ஊரே திருதிருவென்று விழிக்கும். அப்பேர்ப்பட்ட சட்டம் செங்கல்பட்டு கோர்ட்டில்கூடக் கிடையாது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், கங்காதரனின் புது நைலான் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கண்ணாயிரம் சவுக்குத் தோப்பில் பிடிபட்டான். மரத்தில் கட்டினார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் பூவராகவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அடிக்காத வூட்டுக்குத் திருவிழாவுல ஊர்ப்பங்கு கெடையாது. வரிசையா வாங்க."

ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை. வீட்டுப் பேரை நாட்டார் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருத்தனாக வந்து அடித்துவிட்டுப் போனான்.

கடைசியில் வந்து நின்றவள் சம்பூர்ணம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் மீன் விற்று மகளை வளர்க்கிறவள். புருஷன் தேசப்பன் கடலோடு போனதிலிருந்து, திருவிழாவில் வீட்டுக்கு வீடு கொடுக்கும் ஊர்ப்பங்கு அவளுக்கு இல்லை. ஆம்பிளை இல்லாத வீடு எங்கள் ஊர்க் கணக்கில் வீடே இல்லை.

"நீ இன்னாத்துக்கு வந்த?" என்றார் நாட்டார்.

"என் வூட்டு அடி, அண்ணாத்த."

"உன் வூடு எங்க கணக்குல கீது?"

ஊர் கூடி இதை விவாதிக்கத் தொடங்கியது. கட்டுண்டு கிடந்த கண்ணாயிரத்துக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"யோவ், அந்தம்மா அடிச்சிட்டுப் போவட்டும்யா. கவுறு கைய அறுத்துகினு கீது."

அடித்தாள். அது கணக்கில் சேராது என்று நாட்டார் அங்கேயே சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் போலீஸுக்கு ஆள் அனுப்பினார்கள். திருட்டுக் கேஸ் நிற்கவில்லை. போலீஸ் வலையைக் கேட்டபோது அது கடலில் இருந்தது. மீன்பாடு நன்றாக இருக்கும்போது சாட்சிக்கென்று புது வலையைச் சும்மா போட்டுவைக்கக் கங்காதரனுக்கு மனசு வரவில்லை. வெளியே வந்த கண்ணாயிரம், மாவுக்கட்டுக் கையோடு ஊர்மேலேயே கேஸ் போட்டான். நாட்டார் கூப்பிட்ட பேர் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். சம்பூர்ணத்தையும் விடவில்லை. இந்த விஷயத்தில் திருடன் நாட்டாரைவிட யோக்கியன்.

ஊர் வைத்த வக்கீல் ராஜாராம் தலையில் அடித்துக்கொண்டார். "திருடனைப் பிடிக்க உங்களுக்கு உரிமை உண்டுய்யா. பிடிச்சதும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். அடிக்க யார் சொன்னது? எல்லாரும் 'நான் அடிக்கலை'ன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

சொன்னார்கள். தோப்பே அதிர அடித்த கங்காதரன் கூண்டில் ஏறி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நானு அடிக்கலீங்க" என்றான். நாட்டார் அன்றைக்கு மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தாராம்.

சம்பூர்ணம் முறை வந்தது. வக்கீல் கண்ணைக் காட்டினார்.

"அடிச்சேங்க."

"என்னம்மா சொல்றே?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"அடிச்சேன். என் வூட்டு அடி."

மற்றவர்கள்மேல் சாட்சி போதவில்லை, விடுதலை. ஒப்புக்கொண்டவளுக்குக் கோர்ட் கலையும்வரை காவல். பைத்தியக்காரி என்று சிரித்துக்கொண்டே ஊர் பஸ் ஏறிவிட்டது. அவள் மட்டும் சாயங்காலம்வரை கோர்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம்.

திருவிழா வந்தது. பங்குக்கு முதல் பேரைக் கூப்பிட நாட்டார் வாயெடுத்தார். சம்பூர்ணம் எழுந்தாள்.

"அடிக்காத வூட்டுக்குப் பங்கு இல்லேன்னு நீதான சொன்ன, அண்ணாத்த? கூண்டுல ஏறி அடிக்கலேன்னு சொன்னவங்கல்லாம் கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"அப்ப அடிச்சீங்களா? சொல்லுங்க. செங்கல்பட்டு போயி மாஜிஸ்ட்ரேட்டாண்ட சொல்லிட்டு வர்றேன். கண்ணாயிரமும் கூட வருவான்."

நாட்டார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"எல்லாருக்கும் குடு. மொதல்ல என் வூட்டுப் பேரக் கூப்புடு."

நாட்டார் தொண்டையைச் செருமினார். "தேசப்பன் வூடு."

அவள் அசையவில்லை.

"அவரா அடிச்சாரு?"

ஊர் மொத்தமும் நாட்டார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சம்பூர்ணம் வூடு," என்றார் நாட்டார்.