சம்பந்திக்கு இடமில்லை

புது வேனின் மறுபக்கத்துக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தட்டு அலமாரி ஒன்று தரையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. அந்த இருக்கையில் ஏற்ற வேண்டிய மணல் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஒருவேளை வண்டி இன்னும் முழுதாகப் பூட்டி முடிக்கவில்லையோ என்று மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே, இது அவ்வளவுதான், ஒரு ஆள் வண்டி என்றான்.

லாரியும் வேனும் செய்கிற தொழிற்சாலையில் அவர் சோதனை ஓட்டுநர். தொழிற்சாலைக்குப் பின்னால் மதில் சூழ்ந்த பெரிய மைதானம். அதற்குள் வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பி வரும் ஒரு பாதை. கொஞ்ச தூரம் முண்டும் முடிச்சுமான கல் பாதை, கொஞ்ச தூரம் துணி துவைக்கும் பலகைபோல வரிவரியான சிமென்ட், நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தொட்டி, பிறகு ஒரு மேடு. சந்தைக்கு வரும் முன் ஒவ்வொரு புது வண்டியும் அதில் சுற்றிச் சுற்றி எலும்பு தேய வேண்டும். வண்டியின் எலும்போடு ஓட்டுகிறவரின் எலும்பும் சேர்ந்துதான் தேயும். நாள் முழுக்க ஓட்டுவார். எங்கேயும் போய்ச் சேர மாட்டார். எல்லோருக்கும் அவர் 'ரவுண்டு அண்ணன்'. ஆரம்பத்தில் கேலிக்கு வைத்த பெயர். இப்போது அவரே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

பக்கத்து இருக்கையில் ஒரு ஆளின் கனம் இருக்க வேண்டும் என்பது சோதனையின் விதி. அதற்காக இரண்டு மணல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டியிருந்தார்கள். பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும் என்பதால் மூட்டைக்கும் பெல்ட் போட்டாக வேண்டும். விறைப்பாக, வாயைத் திறக்காமல், எதிலோ குறைபட்டுக்கொண்டதுபோல உட்கார்ந்திருக்கும் அதற்கு யாரோ 'சம்பந்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பந்தியை ஏத்தியாச்சா, சம்பந்திக்குப் பெல்ட்டு போட்டாச்சா என்பதெல்லாம் ஷெட்டில் அன்றாடப் பேச்சு. எப்போதிலிருந்து அதனிடம் பேச ஆரம்பித்தார் என்று அவருக்கே நினைவில்லை. முதலில் வண்டியைப் பற்றித்தான் பேசியிருப்பார், கியர் இறுக்கமாயிருக்கிறது, கதவு கடகடக்கிறது என்று. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து லாரியில் ஓட்டுநர் அறை முழுக்க ஒரே நீளப் பலகைதான். மூன்று பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம், நெருக்கினால் நான்கு. நடுவில் என்ஜின் பெட்டி கொதிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்ப எழுந்து நின்று இழுக்க வேண்டியிருக்கும். அப்போது சோதனைக்கும் ஆட்கள்தான் ஏறினார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் குறிப்பெடுக்க, இன்னொருவர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க, கல் பாதையில் மூன்று தலைகளும் ஒன்றாக ஆடும். பிறகு பலகை போய்த் தனித்தனி இருக்கை வந்தது, மூன்று இரண்டாயிற்று. ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு அடங்கியது. ஏசி வந்தது, கண்ணாடி ஏறியது. குறிப்பெடுக்கிறவரின் வேலையை இருக்கைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி பார்த்துக்கொண்டது. வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வா, வா, ஒடி' என்று கத்துகிற ஆளின் இடத்தில் கேமரா வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது அவர் சந்தோஷப்பட்டவர்தான். தோள்பட்டை வலி நின்றதும் காது அடைப்பு நின்றதும் பொய்யா? ஆனாலும் அலமாரியைப் பார்த்த அன்று, கண்ணுக்குத் தெரியாமல் யாரோ அவரைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலியாக எடுத்துக்கொண்டு போயிருப்பதுபோல இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி, இரண்டாவது பிரசவத்துக்கும் சேர்த்து அங்கேயே தங்கிவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும். ஓய்வு பெற்றதும் நீங்களும் வந்துவிடுங்கள் என்கிறார்கள். பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி அந்த 'பார்க்கலாம்' தேய்ந்துபோய்விட்டது. அவர் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு அவள் கூப்பிடுவாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கேஸை மூடினீங்களா. பதில்களும் மாறுவதில்லை.

அலமாரியைப் பார்த்த மறுநாள் காலை, பேச வேறு ஒன்றும் இல்லாததால், புது வண்டியில் சம்பந்தி இல்லை என்று சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விவரம் சொன்னதும் அவள் சிரித்தாள். வெகு நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

"மணல் மூட்டைகிட்ட அப்படி என்னதான் பேசுவீங்க?"

"சும்மாதான். மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது, ராத்திரி தூக்கம் பிடிக்கல... இந்த மாதிரி."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தார்.

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றாள். பின்னால் குழந்தை வீறிட்டது. இதோ வர்றேன்டா கண்ணு என்றவள், அவரிடம் ஒன்றும் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

புது வண்டியை அவர் வாரக்கணக்கில் சுற்றினார். பேட்டரியில் ஓடுகிற வண்டி என்பதால் என்ஜின் சத்தமும் இல்லை. ஒரு நாள் கல் பாதையில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், தன் குரல் அலமாரியின் தகரத்தில் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

சோதனை முடிந்து கூட்டம் நடந்தது. தலைமைப் பொறியாளர் அவருடைய மகள் வயதுப் பெண். எல்லோரையும்போல அவளும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தேய்மானம், அதிர்வு, கதவு எல்லாவற்றையும் பற்றி அவர் நல்லபடியாகவே சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று அவள் கேட்டபோது, சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"பக்கத்துல ஒரு சீட்டு வேணும் மேடம்."

"யார் உக்கார அண்ணே?"

காரணம் சொல்லியிருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிட, கனமான பெட்டிக்குக் கை கொடுக்க. எல்லாமே நியாயமான காரணங்கள்தான், ஆனால் ஒன்றும் அவருடைய காரணம் இல்லை.

"யாராவது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அந்த அலமாரியால்தான் இரண்டு நடையில் போகிற சரக்கு ஒரே நடையில் போகிறது. வண்டி வாங்குகிற கூரியர்க்காரர்கள் கேட்டதும் இதைத்தான். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவளுக்கு என்ன தோன்றியதோ, மூன்று வண்டிகள் வெள்ளோட்டத்துக்குத் தெருவில் ஓடுகின்றன, ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம் என்றாள்.

அப்படித்தான் அவர் கம்பெனியின் பழைய காரில், தான் தேய்த்த அதே மாதிரி வேனின் பின்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை நேரத்தில் மதிலுக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போனார். வேனை ஓட்டியவள் முப்பதுகளில் இருந்த ஒரு பெண். வண்டி நின்றதும் அலமாரியிலிருந்து பெட்டியை எட்டி எடுத்து, அதே வேகத்தில் இறங்கி, இடுப்பால் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். ஓடிப் போய், ஓடி வந்தாள். மேட்டிலும் கல்லிலும் அவர் தேய்த்துத் தேய்த்துப் பார்த்த வண்டியில், இடுப்பால் சாத்தும் கதவை யாரும் சோதிக்கவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டார்.

மதியம் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி டிபன் பாக்ஸைத் திறந்தாள். அவர் போய், வண்டி செய்த கம்பெனியிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லி, வண்டி எப்படி என்று விசாரித்தார். நல்லாருக்கு சார், சத்தமே இல்ல என்றாள். தயங்கித் தயங்கி, பக்கத்தில் ஆள் இல்லாதது கஷ்டமாக இல்லையா என்று கேட்டார்.

அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "பழைய வண்டில ஒருத்தர் கூட வருவாரு சார். பெட்டி தூக்க ஆளுன்னு பேரு. ஒரு பெட்டி தூக்கினதில்ல. நாள் பூரா பேச்சு, என் புருஷன் ஏன் என்னை விட்டுட்டுப் போனாருன்னு வரைக்கும் கேட்டாச்சு. வீட்ல ரெண்டு ரூமு, ஆறு பேரு. நான் தனியா இருக்கிற ஒரே இடம் இதுதான்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இப்ப பாடிக்கிட்டே ஓட்டுறேன்" என்றாள்.

அவர் தலையாட்டினார். திரும்பிக் காருக்கு வந்து, சாப்பாட்டைத் திறக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். தனக்கு வேண்டியதை அவள் தலையில் கட்டப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. தன் அறிக்கையில் இருக்கையைப் பற்றி இனி எதுவும் இருக்காது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்ற நினைப்பு மட்டும் அறிக்கையோடு போவதாக இல்லை. மனைவியைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தார். அங்கே நடு ராத்திரியாக இருக்கும். திரும்ப வைத்தார்.

சாயங்காலம், ஒரு குறுகலான தெருவில், லிஃப்ட் வேலை செய்யாத அடுக்கு வீட்டின் முன் அவள் வண்டியை நிறுத்தினாள். அவர் காரைத் தெருவுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். சாவி வண்டிலயே இருக்கு, கொஞ்சம் பார்த்துக்குங்க சார் என்று கையைக் காட்டிவிட்டுப் பெட்டியோடு படியேறினாள். சற்று நேரத்தில் பின்னால் குப்பை லாரி வந்து ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஓடிப்போய் வேனில் ஏறி, தெருவின் கோடிவரை ஓட்டிப்போய், அங்கே வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவில் ஓரங்கட்டினார். எல்லாமே வெள்ளை வேன்கள். குப்பை லாரி அவரைக் கடந்து, பெரிய தெருவில் திரும்பி மறைந்தது. இருக்கையில் அவள் உடம்பின் சூடு இன்னும் இருந்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் இறங்கி வருவது தெரிந்தது. வண்டியை விட்டுவிட்டுப் போன இடத்துக்கு வந்தவள் டக்கென்று நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நாலு அடி முன்னால் வந்து, சந்தேகப்பட்டுத் திரும்பினாள். வெயில் கண்ணில் அடித்தது. கையை நெற்றியில் வைத்துத் தெருவை ஓர் ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தாள்.

அவருடைய கை ஹாரனுக்குப் போயிற்று. அழுத்தாமல், அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி, யாரோ தன்னைத் தேடுவதைப் பார்ப்பதுபோல, அவள் தேடுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.