எட்டுக் கரண்டி, எட்டு அளவு

பார்சலைப் பிரித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மில்லிலிட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குவளை! கேக் செய்து விற்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பொருள்.

"ஏங்க, சீக்கிரம் வாங்களேன்! நம்ம வீட்டு ஸ்பூன் எல்லாத்தையும் அளந்து பார்த்துடலாம்."

பஸ் ஓட்டுநரான அவள் கணவனுக்கு அன்று விடுமுறை. சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் மொண்டு குவளையில் ஊற்றினார்கள். சர்க்கரை ஸ்பூன் மூன்று மில்லி. டீஸ்பூன் ஐந்து. அடுத்ததை ஊற்றியதும் அவள் துள்ளினாள்.

"அடேயப்பா! இந்தக் குழம்பு ஸ்பூன் பதினஞ்சு! மூணு டீஸ்பூன் இதுக்குள்ள அடங்குதுங்க!"

அவன் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது.

"இதுலதான் காலைல வாலுவுக்குக் காய்ச்சல் மருந்து குடுத்தேன். ஒரு ஸ்பூன்னு நீதானே சொன்னே?"

அவள் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். ஐந்து மில்லி என்று போட்டிருந்தது. அவர்களுடைய நான்கு வயது மகள் வாலு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையோடு அள்ளிக்கொண்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா பாட்டிலைப் படித்தார். குழந்தையை எடை பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. ஒரே ஒரு வேளைங்கிறதால தப்பிச்சுது. இதையே ரெண்டு மூணு நாள் குடுத்திருந்தா ஈரல் கெட்டுப்போயிருக்கும். மருந்தோட ஒரு சின்னக் கப் வந்திருக்குமே, எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்" என்றான் அவன், தலையைக் குனிந்தபடி.

வாலு கண்ணைத் திறந்து, "அப்பா, பசிக்குது" என்றாள். அவ்வளவுதான், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவளைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினான். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் டிப்போவுக்குக் குவளையோடு போனான். அதற்கு முன்பே கூட வேலை பார்ப்பவர்களுக்குப் போன் போட்டு, வீட்டிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவரச் சொல்லியிருந்தான். எட்டுப் பேர் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றாக அளக்க அளக்கக் கூட்டம் கூடிவிட்டது. நாலு, ஆறு, ஒன்பது, பதினான்கு... எட்டும் எட்டு அளவு! ஓய்வறையே கூச்சலில் அதிர்ந்தது.

"எங்கம்மா எனக்குக் கரண்டியிலதான்யா குடுத்தாங்க. நான் கல்லு மாதிரி இல்லையா?" என்றார் மூத்த கண்டக்டர்.

"அது உங்க அதிர்ஷ்டம்ணே. என் பொண்ணு உயிரை அதிர்ஷ்டத்துக்கிட்ட விட மாட்டேன். கரண்டி சாப்பாட்டுக்கு, மருந்துக்கு மில்லிதான். பாட்டிலோட வர்ற கப்பைத் தூக்கிப் போடாதீங்க. அது இல்லைன்னா மருந்துக் கடையில கேட்டு வாங்குங்க. தெரியாமக் குடுத்தாலும் அதிகமாக் குடுத்தது அதிகம்தான்!"

மூத்த கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மகளை அழைத்தார்.

"அம்மாடி, பேரனுக்கு இருமல் மருந்து எதுல குடுக்கறே?"