வெறும் அறைக்கு ஆக்சிஜன்

காட்டுத் தீ மூன்றாவது ஊரையும் தின்றுவிட்டது என்று செய்தி வந்தபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

நிவாரண குடோனில் அவன் மெக்கானிக். ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கும் மருத்துவச் சாதனங்களைச் சோதித்து, ஓடினால் பச்சைச் சீட்டு, ஓடாவிட்டால் ‘தேறாது’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவது வேலை. ஒரு காலத்தில் சிவப்புச் சீட்டைத் தொடவே மாட்டான். முதல் நிலநடுக்கத்தின்போது மூன்று செத்த மெஷின்களைப் பிரித்து மேய்ந்து, உயிருள்ள இரண்டைச் செய்து லாரியில் ஏற்றியவன். பிறகு வெள்ளம். பிறகு இன்னொரு நிலநடுக்கம். பிறகு சொல்லி வைத்தாற்போல் வருஷத்துக்கு ஒரு புயல். பேப்பரில் வந்த எல்லாப் படங்களிலும் அதே கூரையில்லாத சுவர், அதே போர்வை போர்த்திய கிழவர். கடைசியில் அவன் மனைவியின் சாவு. அவளுக்குப் படம் எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு சிவப்புச் சீட்டுகள் கட்டுக்கட்டாகத் தீர்ந்தன.

சாமான்களைப் பதிந்து வாங்குகிறவனை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்பார்கள். தீப்பிடித்தாலும் அவசரப்படாதவன் என்பதால் வைத்த பேர்.

“இதுல ஒரு ஸ்விட்ச்தான்யா போயிருக்கு. மாத்தினா ஓடும்,” என்பான்.

“நீ மாத்து.”

“எனக்குத் தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குத் தொங்கப் போறேன்?”

“சிவப்பை ஒட்டு.”

ஒட்டிவிட்டுப் பின்சுவர் ஓரம் கொண்டுபோய் அடுக்குவான்.

இந்த முறை தீப்பட்ட ஊர்களில் கேட்டது ஆக்சிஜன் மெஷின். தீயில் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களில் படுத்துக்கொண்டு, நெஞ்சு முழுக்கப் புகையோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அறைக் காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனை மட்டும் பிரித்து மூக்குக்கு அனுப்பும் அந்த மெஷின் அவன் வீட்டிலேயே ஒன்று இருந்தது. மனைவி கடைசி ஐந்து மாதம் அதன் தயவில்தான் மூச்சு விட்டாள். வாங்கிக் கொடுத்தது மாமியார்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அணைக்கவில்லை. அவனும் அணைக்கவில்லை. அதிலிருந்து இருபது மாதமாக, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அதைப் போடுவான். காலையில் கிளம்பும்போது அணைப்பான். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீடு அவனைக் கடிக்க வந்தது. சும்மா ஓடினாலும் உள்ளே தேய்மானம்தான் என்பது அந்த ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாமியார் போன் செய்தாள். தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள். நீட்டி முழக்கத் தெரியாது.

“செய்தி பாத்தீங்களா மாப்பிள்ளை?”

“பாத்தேன் அத்தை.”

“பாத்து?”

“பாத்தேன்.”

“மெஷினுக்கு அலையுறாங்களாம். நம்ம வீட்ல ஒண்ணு சும்மா நிக்குது. அதுக்கென்ன காவல் இருக்கப் போறீங்களா?”

“பாக்கலாம்.”

“என்னத்தப் பாக்கறது? நாளைக்கு வரேன்.”

மறுநாள் சொன்னபடி காரோடு வந்து நின்றாள். மணியடித்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தான். அவள் நேராக உள்ளே போய் அதன் மேல் கை வைத்தாள்.

“என்ன, சூடா இருக்கு?”

“வெயில் படுது.”

மூடியிருந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். கொண்டுவந்த துணியால் மெஷினைத் துடைத்தாள். சக்கரங்களைக்கூட விடவில்லை.

லாரி நாலு மணிக்கு என்று குடோனில் எழுதிப் போட்டிருந்தார்கள். மெஷினைக் கண்டதும் எக்ஸ்பிரஸுக்கு வாயெல்லாம் பல். “வாங்கம்மா! காலையிலேருந்து ஒண்ணுகூட வரல. மூணு பேர் வாக்கர் குடுத்தாங்க, ஒருத்தர் ஒத்தைச் செருப்பு குடுத்தாரு.”

எக்ஸ்பிரஸே மெஷினைப் போட்டு, குழாயில் அளவுமானியைச் செருகினான். எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வர வேண்டும். எழுபத்து மூன்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். எழுபத்து மூன்றுதான்.

“உள்ள வடிகட்டுற உருளை ரெண்டும் அவுட்டு,” என்றவன், குனிந்து பக்கவாட்டு மீட்டரைப் படித்தான். “பின்ன என்ன, பன்னெண்டாயிரம் மணி நேரம் ஓடியிருக்கே!”

அவள் வாய்க்குள் கணக்குப் போட்டாள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“அஞ்சு மாசம். ராப்பகலா ஓடினாலும் நாலாயிரத்தைத் தாண்டாது. மீதி யாருக்கு ஓடுச்சு?”

அவன் அளவுமானியைக் குழாயிலிருந்து உருவினான்.

“உங்களைத்தான் கேக்கறேன் மாப்பிள்ளை.”

“சத்தத்துக்கு.”

“என்னது?”

“சத்தம் கேட்டாத்தான் வீட்ல இருக்க முடியுது அத்தை.”

அழுதுவிடுவாள் என்று எக்ஸ்பிரஸ் பயந்துபோய் நாற்காலியை நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

“அவ போனதுக்கு நானும்தான் வெந்தேன். சுவத்தைப் பாத்துப் பேசினேன், அது என்னோட போச்சு. நீங்க ஆளில்லாத ரூமுக்கு ஆக்சிஜன் ஊதியிருக்கீங்க. படிச்ச மனுஷன். இந்தத் தொழில்ல இருக்கிற மனுஷன். அங்க மூச்சு முட்டுற ஆளுக்கு இப்ப என்னத்தக் குடுப்பீங்க? உங்க சத்தத்தையா?”

எக்ஸ்பிரஸ் தயங்கித் தயங்கிச் சிவப்புச் சீட்டை எடுத்தான். “என்னய்யா, ஒட்டவா?”

ஒட்டச் சொல்லத்தான் வாயெடுத்தான். எழுபத்து மூன்று என்றால் தேறாது. யார் கொண்டுவந்தாலும் தேறாது. ஆனால் மாமியார் துடைத்த துணியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பப் போகிறாள். இனி போன் வராது என்று அவனுக்குத் தெரிந்தது.

“சீட்டைக் கீழ வை,” என்றான். பின்சுவருக்குப் போனான்.

சிவப்புச் சீட்டு ஒட்டிய ஆக்சிஜன் மெஷின்கள் பன்னிரண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்து. ஒவ்வொன்றாக மீட்டரைப் பார்த்தான். ஐந்தாவதில் தொள்ளாயிரம் மணி நேரம்தான் ஓடியிருந்தது. கம்ப்ரசர் இறுகிப்போயிருந்தது, அவ்வளவுதான். உருளைகள் புதுசு மாதிரி. போன மாதம் அவன் மூடியைக்கூடத் திறக்காமல் தள்ளியது.

உருட்டிக்கொண்டு வந்ததும் எக்ஸ்பிரஸ் அடையாளம் கண்டுகொண்டான்.

“இது அந்தப் பெரியவரோடது. சம்சாரம் தவறிட்டாங்கன்னு பஸ்ல மடியில வெச்சுக் கொண்டுவந்தாரே.”

“ஞாபகமில்ல.”

“நீ எங்க நிமிர்ந்து பாத்த? ஒரு வாரம் கழிச்சுத் திரும்ப வந்தாரு. ‘அதுல யாராவது மூச்சு விடறாங்களா தம்பி’ன்னு கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“விடறாங்கன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற? சந்தோஷமாப் போனாரு.”

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். மனைவியின் மெஷினை மல்லாத்தி மூடியைக் கழற்றினான். உருளைகளைப் பிடித்திருந்த வளையம் அசைய மறுத்தது; கை வழுக்கி விரல் கிழிந்தது. மாமியார் அந்தத் துணியையே எடுத்து நீட்டினாள். சுற்றிக்கொண்டு மறுபடி முறுக்கினான். பெரியவருடைய உருளைகள் ஏறின. ஒரு குழாய் கசிந்தது. கழற்றி மறுபடி மாட்டினான்.

ஒன்றரை மணிக்கு அளவுமானி தொண்ணூற்று இரண்டு காட்டியது. எக்ஸ்பிரஸ் பச்சைச் சீட்டை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான்.

மெஷின் அவனுக்குப் பழகிய அதே சத்தத்தோடு ஓடியது. அதை அணைக்க வேண்டும். அணைத்தால் லாரிக்குப் போய்விடும். கை ஸ்விட்சின் மேலேயே நின்றது. மாமியார் அவசரப்படுத்தவில்லை. அணைத்தான்.

“ஏதாவது தோணுதா மாப்பிள்ளை?”

“ஒண்ணும் தோணல அத்தை.”

“அழுகை?”

“வரல.”

“எனக்கும்தான் வரல. வராட்டிப் போகுது.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இன்னும் எத்தனை நிக்குது அங்க?”

“பதினொண்ணு.”

“எத்தனை தேறும்?”

“திறந்தாத்தான் தெரியும்.”

“அப்பத் திறங்க. நாலு மணிக்கு இன்னும் நேரமிருக்கு.”

அடுத்ததை உருட்டி வந்து திறந்தான். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. வயர் ஒன்றுகூட மிச்சமில்லை. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதற்கடுத்ததை இழுத்தான்.