ஜன்னலுக்குத் தெரியாத வயல்

"சார், இந்தத் தடவை நீங்க ஜீப்பை விட்டு இறங்கணும். இறங்கி எங்க வயலை மிதிக்கணும்" என்று வேளாண் அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் நின்று அவள் கேட்டபோது, அவள் அப்பா கழுத்துக்குக் கீழே யார் கண்ணுக்கும் தெரியாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை மட்டும் கேட்கவே கூடாது என்றுதான் அப்பா சொல்லிக் கூட்டிவந்திருந்தார். "வேற என்ன வேணும்னாலும் கேளும்மா. அவரை இறங்கச் சொல்லிடாதே. கோபம் வந்துட்டா மிச்சமிருக்கிற தலையும் போயிடும்."

அந்த வட்டத்தில் பயிர் மானியம் தரும் முறை அப்படி. அதிகாரி வருஷத்துக்கொரு முறை தார்ச்சாலையில் ஜீப்பில் போவார். ஜன்னல் வழியே பச்சையாகத் தெரிந்தால் அது வயல். தெரியாவிட்டால் வயலே இல்லை. ஷூவில் சேறு ஒட்டுமே என்று எந்த அதிகாரியும் இறங்கியது கிடையாது. இப்போதிருப்பவருக்கு ஜன்னல் சார் என்றே பெயர். சாலையோரத்துப் பெட்ரோல் பங்க்காரர் தன் முள்ளுக்காட்டுக்கு முன்னால் ஒரே ஒரு வரிசை சோளம் நட்டு, காடு மொத்தத்துக்கும் மானியம் வாங்கி, இன்னொரு பங்க் திறந்தார். வாய்க்காலுக்கு அப்பால், மேட்டுக்குப் பின்னாலிருந்த அப்பாவின் இரண்டு ஏக்கர் ஜன்னலுக்கு எட்டவில்லை. வயல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் வயல் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் அங்கேதான் இருந்தது. அப்பா காலால் தடவித் தடவி உழுதார், விதைத்தார், அறுத்தார். மூட்டையை வைத்தால் வியாபாரியின் தராசு இறங்கத்தான் செய்தது. "தெரியாத சோளத்துக்குத் தெரியாத காசுதான் அண்ணே" என்று சிரித்தான் அவன். அந்த மண் ஒட்டியதெல்லாம் மறைந்தது, கழுவினாலும் திரும்பவில்லை. முதலில் மண்வெட்டி, பிறகு பாதம், முழங்கால். மகள் அந்த வீட்டின் முதல் பட்டத்தை வாங்கி வருவதற்குள் இடுப்பும் போயிருந்தது. "பாதி ஆளுக்கு முழுச் சாப்பாடு கேக்குதோ?" என்று கிண்டலடித்தபடி பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, கழுத்துவரை போனதும் கிண்டலை விட்டுவிட்டு ஒரு கரண்டி கூடுதலாகப் போட ஆரம்பித்தாள்.

சாட்சிக்காக மகள் அந்த மண்ணையே ஒரு பக்கெட் நிறையக் கொண்டுவந்திருந்தாள். கைப்பிடி மட்டும்தான் தெரிந்தது. "வெறும் கம்பியை எதுக்கும்மா தூக்கிட்டு வர்றே?" என்று பியூன் அதை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டான்.

ஜன்னல் சார் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. "ரெண்டு எழுத்து படிச்சதும் அதிகாரியையே சேத்துல இறக்கப் பாக்குறே. சரி போ, உங்க அப்பாவைப் பங்க்காரர் நிலத்துல கூலியாள்னு எழுதிடறேன். நாளைக்கே முழு ஆளாத் தெரிவார்."

"எங்க வயல்?"

"இல்லாததைப் பத்தி என்னம்மா பேச்சு?"

சுவரோரம் நின்ற அப்பாவின் முகம் மெல்லச் சரியென்று அசையப் போனது.

"தலையை ஆட்டாதீங்கப்பா," என்றாள். "இருக்கிறதே அது ஒண்ணுதான்."

நாற்காலியை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். ஜீப் கழுவித் துடைத்து வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள். பக்கெட் நல்ல கனம், ஒரு ஜீப்புக்குத் தாராளமாகப் போதும். அந்த வட்டத்தில் அதிகாரிகள் வயலுக்கு நடந்தே வரும் வழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. முதலில் ஜன்னலில் பூசுவது என்று படியிறங்கும்போதே அவள் முடிவு செய்திருந்தாள்.