அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

தலைமையாசிரியருக்குப் பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பெயர்தான்: பூட்டு. இடுப்பில் கொத்துச் சாவி, வாயில் எப்போதும் "கெட்டுப்போயிடும்." மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த புரொஜெக்டர் திறப்பு விழாவன்று படம் காட்டிவிட்டு உறைக்குள் போனதுதான். அதன்பிறகு அவருடைய இரும்பு அலமாரியில் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அறிவியல் டீச்சருக்கு அந்த அலமாரியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவளுடைய அக்கா மகள் அதே பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. பார்வை குறைவு, கண்ணாடி போட்டாலும் கரும்பலகை அவளுக்கு வெறும் கறுப்புதான். வீட்டு டிவியில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் கடகடவென்று படிக்கிறவள், வகுப்பில் வெற்று நோட்டை வைத்துக்கொண்டு மண்டு என்று பெயர் வாங்கினாள்.

"சார், வாரத்துக்கு நாலு பீரியடு குடுங்க. சுவர் முழுக்க எழுத்து தெரிஞ்சா அவளும் படிச்சிடுவா."

"பல்பு போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? வேணும்னா அதோட கையேட்டை எடுத்துட்டுப் போய்ப் படிங்க."

எடுத்துப்போய்ப் படித்தாள், வரி விடாமல். அதைத் தவிர அவளால் ஆனது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூட்டு ஒரு பதிவேட்டை நீட்டுவார்: இந்த வாரம் புரொஜெக்டர் ஓடிய நேரம் இவ்வளவு. வேலைக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அவர்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலும் இருந்தது.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று காலையில் புரொஜெக்டருக்கு விடுதலை கிடைத்தது. எட்டாம் வகுப்பு மேசைமேல் அதைத் துடைத்து வைத்த பூட்டு, மெதுவாகச் சொன்னார்: "உங்க பொண்ணைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிடுங்க. அவர் ஏதாவது கேட்டுவைக்கப் போறார்."

அனுப்பினாள்.

பாடம் பத்து நிமிடம் ஓடியது. அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அறுநூத்திப் பன்னெண்டு மணி நேரமா? எங்கயும் இவ்வளவு ஓட்டினதில்லையே."

"பிள்ளைங்களுக்காகத்தானே சார்," என்று பூட்டு குழைந்தார். "ஒரே ஒரு பொண்ணுதான். இத்தனை வசதி செஞ்சும் மண்டையில ஏறல. வேற ஸ்கூலுக்கு அனுப்பலாம்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா நல்லாருக்கும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

டீச்சருக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. ஆனது ஆகட்டும் என்று ரிமோட்டை எடுத்து, கையேட்டில் படித்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பாடம் மறைந்தது. சுவரில் முழ உயரத்துக்கு வேறு எழுத்துகள் வந்து நின்றன.

"கடைசி பெஞ்சு, எந்திரி. சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படி."

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து நின்றாள். தயங்காமல் படித்தாள்.

"லேம்ப் அவர்ஸ், ரெண்டு."

அதிகாரியின் பேனா நின்றது. "அப்படின்னா?"

"இந்த பல்பு வாங்கின நாள்லேர்ந்து எரிஞ்ச நேரம் சார். மெஷினே கணக்கு வெச்சுக்கும்," என்று டீச்சர் விளக்கினாள்.

பூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "மெஷின்ல ஏதோ கோளாறு," என்று முனகினார்.

"அப்போ இதுல இருக்கிற கையெழுத்தெல்லாம் யாரோடது?" என்று அதிகாரி பதிவேட்டைத் தட்டினார்.

"என்னோடதுதான்," என்றாள் டீச்சர். "மூணு வருஷமா பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் பேரையும் எழுதிக்கங்க. அவ பேரை மட்டும் எழுதாதீங்க."

பூட்டு பாய்ந்து வந்து ரிமோட்டுக்குக் கை நீட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் டீச்சர் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைக்காதவள்.

"சித்தி, அணைக்க விடாதீங்க. கீழ இன்னும் எழுதியிருக்கு, நான் படிக்கணும்."